எதில் தமிழ் அடிக்கக் கற்றீர்கள்?

என் விசைப்பலகைச் செயலிக்கு வரும் ஒற்றை நட்சத்திரங்களில் கணிசமானவை, நான் எழுதாத ஒரு வாக்கியத்துக்காக வருகின்றன.

ஆண்ட்ராய்டு கைபேசியில் வெளியார் உருவாக்கிய எந்த விசைப்பலகையை இயக்கினாலும் ஓர் எச்சரிக்கை எழும். நீங்கள் தட்டும் எழுத்து அனைத்தையும், கடவுச்சொல்லும் கடன் அட்டை எண்ணும் உட்பட, இந்தச் செயலி சேகரிக்கக்கூடும் என்பது அதன் சாரம். இயங்குதளம் போடும் எச்சரிக்கை அது. யார் செய்த விசைப்பலகையாக இருந்தாலும் வரும். ஆனால் படிப்பவர் கண்ணுக்கு அதில் என் செயலியின் பெயர்தான் தெரிகிறது. நேரே செயலிக் கடைக்குத் திரும்பி வந்து, "திருட்டுச் செயலி, யாரும் நிறுவாதீர்கள்" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார். ஓர் எழுத்துகூட அடித்துப் பார்த்திருக்க மாட்டார்.

இவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. விசைப்பலகையின் கண்ணில் படாமல் கைபேசியில் எதையும் எழுத முடியாது. சண்டை போட்ட தம்பிக்கு எழுதி, அனுப்பாமல் அழித்த செய்தியைக்கூட அது பார்த்திருக்கும். அந்த இடத்தில் முன்பின் தெரியாத ஒருத்தி எழுதிய நிரலை உட்காரவைப்பதற்கு முன் ஒருவர் பயந்தால், அது நல்ல புத்தி. அதனால்தான் செயலிக்கு இணைய அனுமதியே கேட்கவில்லை. சேகரித்தாலும் வெளியே அனுப்ப வழி கிடையாது. இதைச் சொன்னால் சிலர் நம்புகிறார்கள். நம்பியவர்கள் சில மாதம் கழித்து வந்து, புதுக் கைபேசி வாங்கினேன், பழையதில் கற்றுக்கொடுத்த சொற்கள் ஏன் தானாக இதில் வரவில்லை என்று கேட்கிறார்கள். இணையம் இல்லாமல் எப்படித் தானாக வரும்? சொற்பட்டியலைக் கோப்பாகச் சேமித்து எடுத்துச்செல்ல வழி வைத்திருக்கிறேன். அமைப்புகள் பக்கத்தில் நான்காவது வரியில் இருக்கிறது. அமைப்புகள் பக்கத்தை யார் திறக்கிறார்கள்?

நான் பாளையங்கோட்டையில் இருக்கிறேன். பகலில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதுகிறேன். விசைப்பலகை இரவு வேலை. செயலியின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை, சொன்னால் இந்தப் பதிவு விளம்பரமாகிவிடும். இதன் பின்னால் இருப்பது ஒரே ஆள் என்பது பயனர்களுக்குத் தெரியாது. "உங்கள் குழுவினர்" என்கிறார்கள். "நிர்வாகத்தின் கவனத்துக்கு" என்று தொடங்குகிறார்கள். பாதிப் பேருக்கு நான் "சார்", மீதிப் பேருக்கு "ப்ரோ". முன்பெல்லாம் திருத்திக்கொண்டிருந்தேன். இப்போது விட்டுவிட்டேன். பதில் பெட்டியில் அதற்கு இடம் போதாது.

பிளே ஸ்டோரில் ஒரு கருத்துக்கு நாங்கள் எழுதும் பதில் 350 எழுத்துகளைத் தாண்டக்கூடாது. ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அது ஒரு நல்ல பத்தி. தமிழில் எழுதுபவர் கதை வேறு. 'கொடுக்கிறோம்' என்பதை எழுத்து எண்ணச் சொன்னால் பள்ளிப் பிள்ளை ஆறு என்று சொல்லும். கணினியும் கைபேசியும் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுத் தரமான யூனிகோடில் அது பன்னிரண்டு. கொம்புக்கால், உகரச் சுழி, புள்ளி எல்லாமே தனித்தனிக் குறிகள். அந்தக் கணக்கில் 350 என்பது ஏறக்குறைய 40 சொல். அதற்குள் வணக்கம் சொல்லி, வருத்தம் கேட்டு, எச்சரிக்கை ஏன் வருகிறது என்று விளக்கி, நன்றி சொல்லி முடிக்க வேண்டும். முடியாது. ஆகவே என் பதில்கள் நாளடைவில் சுருங்கிச் சுருங்கி, பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நின்றுவிட்டன. எதில் தமிழ் அடிக்கக் கற்றீர்கள்? கூடவே மின்னஞ்சல் முகவரி.

செயலியைப் பற்றி எழுதுவதாக நினைத்துக்கொண்டு மக்கள் தங்கள் விரல்களைப் பற்றித்தான் எழுதுகிறார்கள் என்பது எனக்குப் புரிந்த பிறகு வந்த கேள்வி இது. ஒளிப்படச் செயலியையோ கணக்குச் செயலியையோ ஒருவர் புதிதாகக் கற்றுக்கொள்ளத் தயாராக வருவார். விசைப்பலகைக்கு யாரும் அப்படி வருவதில்லை. எங்கோ எப்போதோ ஒரு முறையில் விரல் பழகியிருக்கிறது. அந்தப் பழக்கம் இங்கே தடுக்கினால் அது பிழை, தடுக்காவிட்டால் "அருமை". எது பிழை என்று தெரிய, முதலில் எந்தப் பழக்கம் என்று தெரிய வேண்டும்.

அழிக்கும் விசையை எடுத்துக்கொள்ளுங்கள். 'கீ' என்று அடித்துவிட்டீர்கள், வேண்டியது 'கி'. அழிக்கும் விசையை ஒருமுறை தட்டினால் என்ன ஆகவேண்டும்? சுழி மட்டும் போய் 'க' மிஞ்ச வேண்டுமா, எழுத்தே போய்விட வேண்டுமா? இதற்காக எனக்கு வந்திருக்கும் வசைகளைத் தொகுத்தால் ஒரு சிறு நூல் தேறும். ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழ் வரவழைக்கும் முறையில் பழகியவர்களுக்குச் சுழி மட்டும் போகவேண்டும். அவர்கள் கணக்கில் கடைசியாகத் தட்டியது உயிரெழுத்து, அழிவதும் அதுவே. கைபேசியில் உயிர்மெய்களைக் கட்டமாக விரித்துக் காட்டும் முறையில் பழகியவர்களுக்கு 'கீ' என்பது ஒரே தொடுகை. ஒரு தொடுகையில் வந்தது ஒரு தொடுகையில் போகாவிட்டால் எரிச்சல். "ஸ்ரீ என்பதை அழிக்க நான்கு முறை தட்ட வேண்டியிருக்கிறது, இதுதான் தொழில்நுட்பமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயம்தான். ஸ, புள்ளி, ர, ஈகாரச் சுழி என்று உள்ளே நான்கு குறிகள் இருக்கின்றன. அவற்றை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை.

இருவருக்கும் பொதுவாக ஒரு வழி கிடையாது என்பது என் முடிவு. முறைக்கு ஒரு வழி. ஆங்கில ஒலிப்பு முறையில் சுழி போகும், கட்டமுறையில் எழுத்து போகும். விருப்பத்தேர்வாக வைத்திருக்கலாமே என்று சக நிரலர்கள் சொல்வார்கள். விருப்பத்தேர்வு என்பது பல சமயம் நாம் முடிவெடுக்கத் தயங்கிப் பயனர் தலையில் கட்டுவது.

தமிழ்99 முறைக்காரர்களால் தொல்லை குறைவு. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற முறை அது. கற்றவர்கள் முறையாகக் கற்றிருப்பார்கள். தொல்லை, கற்காமல் அதைத் தேர்ந்தெடுப்பவர்களால். அதில் ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். 'பக்கம்' அடிப்பதற்குப் புள்ளியையே தொட வேண்டியதில்லை, அவ்வளவு சுகம். ஆனால் விதி தெரியாதவர் 'பப்பாளி' அடிக்கப் போனால் முதல் ப தலையில் புள்ளி ஏறிக்கொள்ளும். "பப்பாளி எழுத முடியாத தமிழ் விசைப்பலகை" என்று தலைப்புக் கொடுத்தே ஒருவர் கருத்து எழுதியிருக்கிறார். முதல் 'ப'வுக்குப் பின் 'அ'வைத் தட்டுங்கள் என்று பதில் போட்டேன். நட்சத்திரத்தை அவர் மாற்றவில்லை. அவர் எழுதியதற்குக் கீழே நான்கு பேர் "பயனுள்ள கருத்து" என்று குறித்திருந்தார்கள். அதுவும் உண்மைதான்.

இனி வட்டாட்சியர் அலுவலகத்து ஐயா.

மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ் தட்டச்சில் ஹையர் முடித்தவர். இரண்டு நட்சத்திரம் கொடுத்து, "கொம்பு போட்டால் புள்ளி புள்ளியாக வட்டம் வருகிறது. இது யாருக்கான தமிழ்?" என்று எழுதியிருந்தார். என் வழக்கமான கேள்வியைப் போட்டேன். இரண்டு நாளில் மின்னஞ்சல் வந்தது. அனுப்புநர், பெறுநர், அதன் கீழே, "பொருள்: கைபேசி விசைப்பலகை – கொம்பு விசை – குறைபாடு களையக் கோருதல் – தொடர்பாக." பார்வை என்ற இடத்தில் பிளே ஸ்டோரில் நான் போட்ட பதிலின் தேதி.

அவர் குறை இதுதான். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வேலை பார்த்த ஆர். முத்தையா உருவாக்கிய தட்டச்சு முறையின் வழிவந்தவை நம் பழைய இயந்திரங்கள். அவற்றில் எழுத்து கண்ணுக்குத் தெரியும் வரிசையில் விழும். 'கொ' அடிக்க முதலில் கொம்பு, அடுத்து க, கடைசியில் கால். மூன்று தட்டு, இடமிருந்து வலமாக. யூனிகோடு உச்சரிப்பு வரிசையில் சேமிக்கிறது: முதலில் க, பிறகு கொம்புக்கால். கொம்பு மட்டும் முதலில் வந்து நின்றால், சார்ந்து நிற்க மெய்யில்லாததால் திரை அதற்கு ஒரு புள்ளி வட்டத்தைப் போட்டுக் காட்டும். பல்லாயிரம் பட்டா நகல்களைக் கொம்பிலிருந்து தொடங்கி அடித்த விரல்களுக்கு முன்னால் அந்த வட்டம் போய் நிற்கிறது.

கொம்பை எழுத்துப் பெட்டிக்குள் அனுப்பாமல் விசைப்பலகையிலேயே நிறுத்திவைத்து, மெய் வந்ததும் இரண்டையும் இடம் மாற்றி அனுப்பினேன். வட்டம் போய்விட்டது. ஐயாவிடமிருந்து அடுத்த கடிதம்: தட்டியது விழுந்ததா இல்லையா என்று தெரியவில்லை. சரி, கொம்பு காத்திருக்கும் வரை அந்த விசை நிறம் மாறி நிற்கட்டும் என்று வைத்தேன். அதற்கு ஒப்புதல் வந்தது. 'கெ'வுக்குப் பின் கால் வந்தால் 'கொ' ஆக்கிவிடலாம், அதில் சிக்கல் இல்லை. சிக்கல் 'ள'வில் வந்தது. இயந்திரத்தில் 'கௌ' அடிக்கவும் கொம்பு, க, ள. 'கெள' அடிக்கவும் அதே மூன்று தட்டு. தாளில் இரண்டும் ஒன்றுதான், படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார். செயலிக்கு அந்த வசதி இல்லை. ள வந்ததும் ஔகாரமாக்கிவிட்டால் 'கௌரவம்' சரியாக வரும், 'கெளுத்தி' மீன் கெட்டுவிடும். கெளுத்தியைக் காப்பாற்றினால் கௌரவம் போய்விடும். வரவிருக்கும் எழுத்தைப் பார்த்து முடிவெடுக்க வைத்தேன். ளகரத்துக்குச் சுழியோ புள்ளியோ ஏறினால் அது மீன், வேறு மெய் வந்தால் கௌரவம். முழுக்கச் சரியில்லை. எந்தக் கணக்கும் முழுக்கச் சரியாகாது. ஐயா பத்துப் பதினைந்து சொற்களை அடித்துப் பார்த்து, "திருப்திகரம்" என்று ஒரு சொல்லில் பதில் அனுப்பினார். அரசு அலுவலகத்தில் முப்பது ஆண்டு இருந்தவரிடமிருந்து அது பெரிய சொல்.

தட்டச்சுக்காரர்களோடு வந்த இன்னொரு சொத்து, கால் வடிவ ரகரம். இயந்திரத்தில் 'ர்' அடிக்கத் துணைக்கால் விசையையும் புள்ளியையும் தட்டினால் போதும், தாளில் வேறுபாடு தெரியாது. அந்த விரல் அப்படியே கணினிக்கும் கைபேசிக்கும் வந்துவிட்டது. 'குமார்', 'குமாா்'. இந்த இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றனவா, வேறாகத் தெரிகின்றனவா என்பது உங்கள் கைபேசியின் எழுத்துருவைப் பொறுத்தது. இரண்டாவதில் ரகரமே இல்லை. துணைக்கால் மேல் துணைக்கால், அதன்மேல் புள்ளி. ஒருவர் ஓர் இணைய விண்ணப்பத்தில் தன் பெயரை அடித்திருக்கிறார், "பெயர் பொருந்தவில்லை" என்று வந்திருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மூன்று முறை முயன்று பார்த்துவிட்டு, கோபத்தை எங்கே இறக்குவது என்று தெரியாமல் என்னிடம் இறக்கினார். பழைய பதிவில் யாரோ துணைக்காலால் அடித்த பெயர் இருந்திருக்கிறது. அவர் சரியாக அடித்ததுதான் பொருந்தவில்லை. தமிழில் துணைக்காலுக்குப் பின் புள்ளி வரும் சொல்லே கிடையாது. எனவே என் செயலியில் அந்தச் சேர்க்கை வந்தால் சத்தமில்லாமல் ரகரமாக மாறிவிடும். இதை யாரும் பாராட்டி எழுதியதில்லை. எழுதவும் மாட்டார்கள், நடப்பதே தெரியாது.

2021 நவம்பரிலிருந்து பிளே ஸ்டோர் அந்தந்த நாட்டுப் பயனர்கள் கொடுத்த மதிப்பீட்டை அந்தந்த நாட்டுக்காரர்களுக்குக் காட்டுகிறது. என் கைபேசியில் நான் பார்ப்பது இந்திய மதிப்பீடு. நாடுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் இலங்கையில் என் செயலி தடுமாறிக்கொண்டிருப்பது தெரிந்தது. காரணத்தைத் தேட வேண்டிய தேவையே இருக்கவில்லை. கருத்துகள் எல்லாம் ஒரே கேள்வி: பாமினி எங்கே?

பாமினி முறை என்றால் தட்டச்சை ஒட்டிய ஒரு விசை அமைப்பு, அதைச் சேர்ப்பது ஒரு வார வேலை என்று தொடங்கியிருப்பேன். மட்டக்களப்பிலிருந்து ஒரு தம்பி மின்னஞ்சலில் வந்தார், அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பவர். திருமண அழைப்பிதழ், மரண அறிவித்தல், 31ஆம் நாள் நினைவு மலர், இவைதான் வேலை. "அக்கா, எனக்கு விசை அமைப்பு மட்டும் போதாது, பாமினியே வேண்டும்" என்றார். பாமினி உண்மையில் ஓர் எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருக்கிறது. அதில் 'அம்மா' என்று கண்ணுக்குத் தெரிவது, உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அம்மா இருக்க மாட்டாள், எம் கே அரைப்புள்ளிதான் இருக்கும். அச்சகக் கணினியில் எல்லாப் பழைய வடிவமைப்புகளும் பாமினியில் இருக்கின்றன. இறந்தவரின் குறிப்பை வீட்டுக்காரர்கள் வாட்ஸ்அப்பில் யூனிகோடில் அனுப்புகிறார்கள். இவர் அதை மாற்றி ஏற்ற வேண்டும். கைபேசியிலேயே பாமினியாக அடிக்க முடிந்தால் ஒரு வேலை மிச்சம்.

அவர் கேட்டது புரிந்தது. செய்யவில்லை. கைபேசியில் அப்படி அடித்ததை வேறு எவர் திறந்தாலும் குப்பையாகத் தெரியும், அந்தக் குப்பைக்கும் என் பெயர்தான் வரும். பாமினி விரலுக்கு யூனிகோடு எழுத்து, அதுவரைக்கும்தான் என்று சொல்லிவிட்டேன். "சரி அக்கா, விளங்குது" என்று எழுதினார். மற்றவர்களுக்கு வேண்டியிருந்தது விசை அமைப்பு மட்டும்தான். அது வந்த பிறகு அந்த நாட்டுக் கருத்துகளின் தொனியே மாறிவிட்டது. தம்பியின் மூன்று நட்சத்திரம் மட்டும் அப்படியே நிற்கிறது. நேர்மையான மூன்று அது.

மலேசியாவில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியையின் வேண்டுகோள் நேர் எதிர்த் திசை. அவருக்கு விரல் சிக்கல் எதுவுமில்லை, ஆங்கில ஒலிப்பு முறையில் படபடவென்று அடிப்பவர். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பயிற்சித்தாள் தயாரிக்கிறார். துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இவை தனித்தனியாக, வட்டமில்லாமல் வேண்டும். பிள்ளைகள் அந்த வட்டத்தையும் சேர்த்து வரைந்துவிடுகிறார்களாம்! மற்ற எல்லாருக்கும் நான் ஒழித்துக்கட்டப் பாடுபடும் ஒன்றை இவருக்கு மட்டும் வாழவைக்க வேண்டும். உடையா இடைவெளி என்று ஒரு குறி உண்டு. மெய்யைச் சார்ந்து வரும் இதுபோன்ற குறிகளைத் தனியாகக் காட்ட அதன்மேல் ஏற்றிக் காட்டலாம் என்று யூனிகோடு தரமே சொல்கிறது. சுழி விசையை நீண்ட நேரம் அழுத்தினால் அப்படி வரும்படி செய்தேன். இதைப் பயன்படுத்துபவர் உலகத்தில் அவர் ஒருவராகவே இருக்கலாம். எனக்கு இந்தச் செயலியில் பிடித்த வசதி எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். யாரும் கேட்பதில்லை.

விரலோடு தொடர்பில்லாத எதிர்பார்ப்புகளும் உண்டு. அங்கே என் கேள்வி செல்லாது. கிரந்த எழுத்துச் சண்டை அதில் முதலாவது. ஒரு பக்கம், ஜ ஷ ஸ ஹ விசைகள் இருப்பதாலேயே தமிழ் கெடுகிறது, எடுத்துவிடுங்கள், எடுக்கும்வரை ஒரு நட்சத்திரம்தான் என்பவர்கள். மறுபக்கம், சுலோகம் எழுதும் பெரியவர்கள். அவர்களுக்கு இருப்பது போதாது. ஶ தனியாக வேண்டும்; க², க³, க⁴ என்று மேலே எண் போடவும் வேண்டும், அச்சுப் புத்தகங்களில் இருப்பதுபோல. இரு சாராரும் ஒரே வாரத்தில் எழுதுவார்கள், இரு சாராரும் "கடைசி எச்சரிக்கை" என்பார்கள். தமிழ்99 இந்தப் பிரச்சினையை முன்கூட்டியே பார்த்ததுபோல, கிரந்த எழுத்துகளை ஷிப்டுக்குப் பின்னால் வைத்தது. நானும் அதையே எல்லா முறைகளுக்கும் செய்தேன். தேடுபவருக்குக் கிடைக்கும், தேடாதவர் கண்ணில் படாது. மொழிக்கொள்கை வகுக்கும் அதிகாரம் பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறைக்குக் கிடையாது என்பது என் நிலை. ராஜாவுக்கும் ஹாஜிராவுக்கும் ஜோசப்புக்கும் தங்கள் பெயரை எழுத வேண்டியிருக்கிறது.

சொற்பரிந்துரை இரண்டாவது. 'மயி' என்று தட்டினால் 'மயில்' வரலாம், அடுத்து 'மயிர்' ஏன் வருகிறது, வீட்டில் பெண்பிள்ளைகள் பயன்படுத்தும் கைபேசி என்று ஒருவர் கொதித்திருந்தார். நீக்கவில்லை. "மயிரிழையில் உயிர் தப்பினர்" என்று செய்தித்தாள்கள் மாதம் தவறாமல் எழுதுகின்றன, அதை அடிப்பவருக்கு அந்தச் சொல் வேண்டும். முதல் பரிந்துரையாக வராது, அவ்வளவுதான் செய்ய முடிந்தது. வீட்டுப் பெண்பிள்ளைகள் சார்பில் நானே பேசலாம் என்று பதிலில் எழுத நினைத்தேன். 350 எழுத்து காப்பாற்றியது.

குறுஞ்செய்திக் கட்டணத்துக்கும் என்னிடம்தான் வருகிறார்கள். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி 160 எழுத்து கொள்ளும். தமிழில் ஒரே ஓர் எழுத்து கலந்தாலும் கொள்ளளவு 70 ஆகிவிடும், மீதி அடுத்த செய்தியாகப் போகும், இரண்டுக்கும் காசு. "இந்த கீபோர்டு பேலன்ஸைத் தின்கிறது" என்று எழுதுகிறவருக்கு என்ன சொல்வது? அவர் அளவில் நடந்தது அதுதான். என் விசைப்பலகையைப் போட்டார், காசு போயிற்று.

ஐபோனுக்கு ஏன் இல்லை என்பது அடிக்கடி வரும் கேள்வி. பிளே ஸ்டோரில் கணக்குத் திறக்க வாழ்நாளுக்கு ஒருமுறை 25 டாலர். ஆப்பிளில் ஆண்டுதோறும் 99. செயலி இலவசம், விளம்பரமும் இல்லை. தவிர, ஐபோனில் 2013இலிருந்தே தமிழ்99 முறையும், அஞ்சல் என்ற ஆங்கில ஒலிப்பு முறையும் உள்ளேயே இருக்கின்றன. நான் போய்ச் செய்ய அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. இதை எழுதினால், "இலவசம் என்பதற்காகத் தரம் குறையலாமா?" என்று ஒரு பதில் வரும். இலவசம் என்று நான் சொன்னது வேறு எதற்கோ. ஆண்டுக்கொரு முறை புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்பச் செயலியைப் புதுப்பித்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் புதுக் கைபேசி வைத்திருப்பவர்கள் தேடினாலும் கடையில் அது தென்படாது. அந்தப் பதிப்பில் பயனர் கண்ணுக்கு எதுவும் மாறியிருக்காது. மாறக்கூடாது என்பதற்காகத்தான் பல இரவுகள் உட்கார்ந்திருப்பேன். "அப்டேட்டில் புதிதாக ஒன்றுமில்லை, ஏமாற்று" என்று அதற்கும் ஒரு கருத்து வரும்.

மன்னார்குடி ஐயா சென்ற வாரம் மறுபடி எழுதியிருக்கிறார். நான் பெண் என்பது கையெழுத்திலிருந்து இப்போதுதான் கவனித்தாராம், "அம்மா" என்று விளித்திருந்தார். "பொருள்: தட்டச்சு ஒலி மற்றும் வரியிறுதி மணி – சேர்க்கக் கோருதல் – தொடர்பாக." ஒலி சேர்ப்பது எளிது. மணிக்கு வழியில்லை என்று எழுதினேன். கைபேசியில் வரி எங்கே முடிகிறது என்பது எழுதும் பெட்டியின் அகலத்தைப் பொறுத்தது, விசைப்பலகைக்கு அது தெரியாது. மறுநாளே பதில்: வரி பற்றிக் கவலை வேண்டாம், 60 தட்டுக்கு ஒருமுறை அடித்தால் போதும். செய்யலாம்போலத்தான் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் ஒலிகளெல்லாம் ஆங்கில இயந்திரங்களுடையவை, அவர் கண்டுபிடித்துவிடுவார். இங்கே தட்டச்சுப் பயிலகம் நடத்தும் ஒருவரிடம் பழைய தமிழ் இயந்திரம் ஒன்று ஓடும் நிலையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒலிப்பதிவுக் கருவியோடு வரச்சொல்லியிருக்கிறார்.